குருதியும் குலமும்

குருதியைச் சான்றாகக் காட்டிக் குலமேன்மை பேசுவோர் எந்நாட்டிலும் எக்காலத்திலும் இருந்து வந்துள்ளனர். ‘நல்ல இரத்தம்’, ‘கலப்பில்லாத இரத்தம்’ என்னுந் தொடர்கள் நம்மவர் வாயிலும் சரளமாக வருவனவே. கலியாணப் பேச்சின்போது அவை எத்துணை வேலை செய்கின்றன என்பதை வாசகர்க்கு விளக்கவேண்டியதில்லை. இருபதாம் நூற்றாண்டிலே குருதி உண்மையாகவே நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து ஆராயப்பட்டது. அவ்வாராய்ச்சி முதலிற் குலவாதிகளின் கைக்கு ஓர் ஆயுதமாக வாய்த்தது. பின்னர் அவர்கள் கையிலிருந்தே அவ்வாயுதத்தைப் பறித்தது. அரிவாட்கலச் சோகை என்னும் ஒரு நோயின் வரலாற்றில் இதனைத் தெளிவாகக் காணலாம்.

1904 ஆம் ஆண்டின் இறுதியிலே, கரிபியன் கடலிலுள்ள கிரனடாத் தீவிலிருந்து பல் மருத்துவம் பயிலச் சிக்காகோ நகருக்கு வந்திருந்த கறுப்பின இளைஞர் ஒருவர் இருமலுங் காய்ச்சலுமாக மருத்துவமனையிற் சேர்ந்தார். அவருடைய குருதியை நோக்கிய மருத்துவர்கள் வியப்படைந்தனர். வட்டமாக இருக்கவேண்டிய செங்குருதிக் கலங்கள் பல, கதிரறுக்கும் அரிவாளைப் போல வளைந்து மெலிந்து காணப்பட்டன. இதனை 1910 இல் ஜேம்ஸ் ஹெரிக் என்பார் எழுதி வெளியிட்டார். காரணம் இன்னதென அவர் கூறத் துணியவில்லை. அவ்விளைஞர் படிப்பை முடித்து ஊர் திரும்பித் தொழில் நடத்தி, 1916 இல், முப்பத்திரண்டு வயதில், நியுமோனியாவால் இறந்தார்.

அமெரிக்காவில் அடுத்தடுத்துக் கண்டறியப்பட்ட நோயாளரும் கறுப்பின மக்களாகவே இருந்தமையால் ‘நீக்ரோக்களின் நோய்’ என்னும் பெயர் விரைவில் நிலைபெற்றது. ஒரு துளிக் குருதியைக் கண்ணாடித் தகடுகளிடையே காற்றுப் புகாது அடைத்துவைத்தால், நோயற்ற உறவினரின் கலங்களும் அரிவாளுருக் கொள்வதை 1917 அளவில் அறிந்துகொண்டனர். இதனை நோய்க்குரிய குறியாக மட்டுமன்றி ஆபிரிக்கக் குருதிக்குரிய குறியாகவுஞ் சிலர் கருதத் தலைப்பட்டனர். வெள்ளையருங் கறுப்பருந் திருமணஞ் செய்வதைப் பல மாநிலங்களிற் சட்டம் குற்றமாக்கியிருந்த காலம் அது. வர்ஜீனியா மாநிலம் 1924 இல் இயற்றிய சட்டமோ, மூதாதையரிற் கறுப்பர் ஒருவர் இருப்பினும் ஒருவரை வெள்ளையரல்லர் எனத் தள்ளிவைத்தது. அத்தகைய சமுதாயத்தில் ஒரு துளிக் குருதியைக் கொண்டு சாதியைக் கண்டுபிடிக்கலாம் என்ற எண்ணம் யாருக்கு இனித்திருக்கும் என்பதைச் சொல்லவேண்டுமா?

1929 இல் கிறீஸ் நாட்டிலிருந்து குடியேறிய குடும்பம் ஒன்றில் இக்கலங்கள் காணப்பட்டன. விதியை ஐயுறுவதற்கு இது போதிய காரணம். ஆனால் இவ்வாறு வெள்ளையரிடம் அது வெளிப்பட்ட வேளைகளிலெல்லாஞ் சில மருத்துவர் ஐயுற்றது நோயாளரின் வெள்ளைத்தன்மையையே! அவருடைய முன்னோரில் எவரோ ஓர் ஆபிரிக்கர் இருந்திருத்தல் வேண்டும் என்றனர். கறுப்பர்க்கே வரும் நோய் இது. எனவே இது வந்தவர் கறுப்பர். இத்தகைய வட்டவாதத்தை எந்தச் சான்றாலும் அசைக்கமுடியாது.

அதனை அசைத்தது ஒரு கணக்கு. அக்கணக்கின் கதை வேறொரு நாட்டிலே, இந்நோயோடு எத்தொடர்புமின்றித் தொடங்குகின்றது. மெண்டலின் விதிகள் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்த புதிதிற் பலருக்கு ஒரு மயக்கம் இருந்தது. ஆட்சியுடைய இயல்பு பின்னிடைவான இயல்பை அடக்குமாயின், காலப்போக்கில் மக்கள் அனைவரும் ஆட்சியுடைய இயல்பையே கொண்டுவிடமாட்டார்களா? கேம்பிரிட்ஜிலே புன்னற் என்னும் உயிரியலாளர் இக்கேள்வியைத் தம்முடன் கிரிக்கெற் விளையாடும் நண்பரான கணிதவியலாளர் ஹார்டியிடம் கொண்டுசென்றார். ஹார்டி 1908 யூலையில் ஒரு சிறு கடிதமாக விடையை வெளியிட்டார். அதே ஆண்டின் தொடக்கத்தில் ஸ்ருட்காட் நகர மருத்துவர் வைன்பேர்க் இதே முடிவைத் தனியே கூறியிருந்தார். சில ஆண்டுகளின் பின் நமது இராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வருவித்தவரும் இந்த ஹார்டியே. தமது கணிதம் உலகில் எவர்க்கும் ஒரு பயனும் விளைத்ததில்லை என்று பிற்காலத்திற் பெருமையோடு எழுதிய அவர், இக்கடிதத்தை எண்ணிப் பார்க்கவில்லைப் போலும்.

கணக்கு எளிது. ஒரு பரம்பரையலகின் மாற்றுருவங்களை எதிருருக்கள் என்பர். ஒவ்வொரு மனிதரும் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டினைப் பெறுகின்றனர். ஓர் ஊரார் அனைவருடைய எதிருருக்களையும் ஒரு குடத்தில் இட்டதாகக் கற்பனை செய்வோம். அவற்றுள் நூற்றுக்குப் பத்து அரிவாட்கல எதிருரு என்க. இவ்விகிதமே அதன் மீடிறன். குடத்திலிருந்து குருட்டாம்போக்கில் இரண்டிரண்டாக எடுத்தால், நூறு குழந்தைகளில் ஒன்று இரண்டு அரிவாட்கல எதிருருக்களையும் பெற்று நோயுறும். பதினெட்டுக் குழந்தைகள் ஒன்றை மட்டும் பெற்று நோயின்றி அதனைச் சுமக்கும். எஞ்சிய எண்பத்தொன்றிடம் அது இராது. வேறெந்தச் சக்தியுங் குறுக்கிடாதவரை அடுத்த தலைமுறையிலும் இவ்வெண்கள் மாறா.

இக்கணக்கிலே குலவாதிகள் பார்க்க விரும்பாத ஓர் எண் ஒளிந்திருக்கின்றது. அந்த ஊரிலுள்ள அரிவாட்கல எதிருருக்களிற் பத்தில் ஒன்பது பங்கு நோயற்ற காவிகளிடமே உள்ளது. மீடிறன் குறையக் குறைய இப்பங்கு மேலும் ஏறும். ஆகவே நோயுற்றோரை மலடாக்குவதன் மூலம் ஒரு பின்னிடைவான நோயைச் சமுதாயத்திலிருந்து களைந்துவிடலாம் என்பது கணிதப்படியே பொய். புன்னற் இதனை 1917 இல் எண்களால் எடுத்துக்காட்டினார். எனினும் 1933 யூலையில் ஹிட்லரின் அரசாங்கம் பரம்பரை நோயாளர்க்கெதிரான சட்டத்தை இயற்றி, ஏறத்தாழ 4 இலட்சம் மக்களைப் பலவந்தமாக மலடாக்கியது. ஐக்கிய அமெரிக்காவின் மாநிலங்கள் பலவும் அதற்கு முன்னரே அவ்வழி நடந்திருந்தன. அதிகாரம் கணக்கைக் கேட்டு நடப்பதில்லை.

இனி அரிவாட்கலத்துக்கு மீள்வோம். 1949 இல் அமெரிக்கரான நீல், இந்நோய் இரண்டு எதிருருக்களைப் பெற்றோர்க்கே வருவது என நிறுவினார். அதே ஆண்டிற் போலிங்கும் அவர் கூட்டாளிகளும் நோயாளரின் ஈமோகுளோபின் மூலக்கூறே வேறுபட்டது என்பதைக் காட்டினர். சில ஆண்டுகளின் பின் கேம்பிரிட்ஜில் இங்கிராம் அவ்வேறுபாட்டின் நுண்மையை வெளிப்படுத்தினார். நீண்டதொரு அமினோ அமிலச் சங்கிலியில் ஒரேயோர் இடத்திற் குளூட்டமிக் அமிலத்துக்குப் பதிலாக வலீன் அமர்ந்திருக்கின்றது, அவ்வளவே. ஒட்சிசன் குறையும்போது இம்மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கோல்களாகிக் கலத்தை வளைத்துவிடுகின்றன.

நோயின் இயல்பு தெளிவாகத் தெளிவாகப் புதிர் பெரிதாயிற்று. கிழக்காபிரிக்காவின் சில பகுதிகளில் மக்களில் மூன்றிலொரு பங்கினரும் அதற்கு மேற்பட்டோருங் காவிகளாக இருந்தனர். காவிகள் நூற்றுக்கு 32 ஆயின் எதிருருவின் மீடிறன் 20 வீதம். நோயுற்ற குழந்தைகளோ அக்காலத்தில் அங்கே வளர்ந்து பெற்றோராவது அரிது. இவ்வாறு ஒவ்வொரு தலைமுறையிலும் எதிருருக்கள் சாவோடு போய்க்கொண்டிருந்தால், பத்துத் தலைமுறைக்குள் 20 வீதம் 7 வீதத்துக்குங் கீழே இறங்கியிருத்தல் வேண்டும். அது ஏன் இறங்கவில்லை? புதிய விகாரங்கள் இழப்பை ஈடுசெய்கின்றன எனில், எங்குமே காணப்படாத அளவு விரைவில் அவை தோன்றவேண்டும்.

விடைக்குரிய குறிப்பை ஹால்டேன் தந்தார். 1948 யூலையில் ஸ்ரொக்கோமிற் கூடிய பிறப்புரிமையியல் மாநாட்டுக்கு அவர் அளித்த கட்டுரை 1949 இல் அச்சாயிற்று. மத்தியதரைக் கடலோரத்தில் மிகுந்து காணப்படும் தலசீமியா என்னும் மற்றொரு குருதி நோயின் எதிருருவைச் சுமப்போர், மலேரியாவை எதிர்க்கும் ஆற்றல் மிக்கவராக இருக்கலாம் என்பது அவர் கருத்து. நோயாளர் சாவதால் இழக்கப்படுவது, காவிகள் மலேரியாவுக்குத் தப்புவதால் ஈடுசெய்யப்படும்.

இதனை அரிவாட்கலத்தில் நிறுவியவர் அந்தனி அலிசன். கென்யாவில் வளர்ந்த இவர், 1949 இல் ஒக்ஸ்போட் மாணவராக அந்நாட்டுக்குச் சென்ற ஆய்வுக்குழுவுடன் குருதி மாதிரிகளைச் சேகரித்தார். கடற்கரையிலும் விக்ரோறியா ஏரிக்கரையிலும் காவிகள் நூற்றுக்கு இருபதுக்கு மேல். இடையிலுள்ள குளிர்ந்த மலைநாட்டில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. மொழியோ குலமோ இவ்வேறுபாட்டை விளக்கவில்லை, நுளம்பு விளக்கிற்று. 1953 இல் அவர் மீண்டுஞ் சென்றார். உகண்டாவில் 290 குழந்தைகளைச் சோதித்தபோது காவிகளான 43 பேரில் 12 பேரிடம், அதாவது 27.9 வீதத்தினரிடம், மலேரியாக் கிருமி இருந்தது. ஏனைய 247 பேரில் 113 பேரிடம், அதாவது 45.7 வீதத்தினரிடம், அது இருந்தது. அத்தோடு நில்லாது லுவோ இனத்து ஆடவர் முப்பதின்மர்க்கு மலேரியாவை வேண்டுமென்றே தொற்றச் செய்தார். காவிகளல்லாத பதினைவரிற் பதினால்வரைக் காய்ச்சல் பற்றிற்று. காவிகள் பதினைவரில் இருவரை மட்டுமே பற்றிற்று. 1954 இல் முடிவுகள் வெளிவந்தன.

அம்முப்பதின்மரும் ‘தொண்டர்கள்’ என்றே கட்டுரையிற் குறிக்கப்படுகின்றனர். அவசரகாலச் சட்டத்தின் கீழிருந்த குடியேற்ற நாடொன்றில், வெள்ளை மருத்துவரின் முன் நின்ற ஓர் ஆபிரிக்கத் தொழிலாளி எவ்வளவு தூரம் தொண்டராயிருத்தல் கூடும் என்பதை வாசகரின் ஊகத்துக்கு விடுகின்றேன். முடிவு உண்மையானது, அது பெறப்பட்ட வழி மாசற்றதன்று. ஒன்றுக்காக மற்றதை மறைக்கத் தேவையில்லை.

இப்பொழுது கணக்கு நேராகின்றது. மீடிறன் 10 வீதத்தில் நிலைத்து நிற்பதற்கு, அரிவாட்கல எதிருரு அறவே இல்லாதோர் காவிகளைவிட ஒன்பதில் ஒரு பங்கு கூடுதலாக மலேரியாவால் மடிந்துகொண்டிருக்க வேண்டும். ஓர் ஊரின் எதிருரு மீடிறன் என்பது அவ்வூரிற் புதைக்கப்பட்ட குழந்தைகளின் தொகைக்கு ஒரு குறிப்பேடு.

ஆனால் அந்த மலேரியா எங்கிருந்து வந்தது? இக்கேள்வியிலேதான் உயிரியல் வரலாறாகின்றது. லைபீரியாவிற் குருதி மாதிரிகளைச் சேகரித்த மானிடவியலாளர் பிராங் லிவிங்ஸ்ரன் 1958 இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் ஒரு திருப்பம் எனலாம். மேற்காபிரிக்காவில் மலேரியாவைப் பரப்பும் முதன்மையான நுளம்பு, அடர்ந்த காட்டின் நிழல்நீரில் முட்டையிடுவதில்லை. வெயில் விழும் சிறு தேங்குநீரையே அது நாடும். கன்னிக்காட்டில் மண் நீரை உறிஞ்சிவிடும். ஒளி நிலத்தைத் தொடாது. சிறு குழுக்களாக அலைந்து வேட்டையாடி வாழ்ந்தோர் அந்நுளம்புக்கு நிலையான இரையும் அல்லர். இரும்புக் கருவி வந்து, காட்டை வெட்டி எரித்து வள்ளிக்கிழங்கு நடத் தொடங்கியபின் நிலை மாறிற்று. வெட்டவெளியில் மழைநீர் தேங்கியது. காட்டு விலங்குகள் அகன்றன. தோட்டத்தைச் சுற்றி மக்கள் நெருங்கி வாழ்ந்தனர். நுளம்புக்கு வீடும் விருந்தும் ஓரிடத்திலே அமைந்தன. பயிர்ச்செய்கை வேரூன்றிய மக்களிடம் எதிருரு மிக்கும், அது பிந்தி வந்த காட்டுப்புற மக்களிடம் குறைந்தும் இருப்பதை லிவிங்ஸ்ரன் எடுத்துக்காட்டினார்.

உழைப்பு மனிதனை உருவாக்கியது என்று எங்கெல்ஸ் எழுதியபோது கையையும் மூளையையும் மொழியையும் எண்ணினார். செங்குருதிக் கலத்தின் மூலக்கூறு வரை உழைப்பின் சுவடு இறங்கும் என்பதை அன்று யாரும் அறிந்திருக்க இயலாது.

முற்போக்காளர் இவ்விடத்தில் ஒரு கணம் நிதானித்தல் நன்று. மண்வெட்டி எதிருருவை மாற்றவில்லை. விகாரம் தற்செயலாக நிகழ்ந்தது. எவருடைய தேவைக்காகவும் அது தோன்றவில்லை. மனிதர் மாற்றிய சூழல், யார் பிழைப்பார் யார் சாவார் என்பதையே மாற்றியது. இவ்விரண்டுக்குமுள்ள வேறுபாட்டை அழித்ததே லைசென்கோவின் பிழை. ஸ்ரொக்கோம் மாநாடு கலைந்து நான்கு வாரங்கூடச் செல்லாமுன், 1948 ஓகஸ்ற் முதல் வாரத்தில், மொஸ்கோவில் நடந்த கூட்டமொன்றிற் பிறப்புரிமையியல் முதலாளித்துவப் பொய்யென்று தீர்க்கப்பட்டது. உலகின் பயிர்வித்துக்களையெல்லாம் திரட்டிய வவிலோவ் அதற்கு ஐந்தாண்டுகள் முன்னரே சரத்தோவ் சிறையில் மாண்டிருந்தார். குடித்தொகைகளில் எதிருருக்கள் எவ்வாறு மறைந்து கிடக்கின்றன என்பதை 1926 இலேயே எழுதிய செற்வெரிகோவ் 1929 இற் கைதாகித் தொலைவிடத்துக்கு அனுப்பப்பட்டார். 1948 இல் பல்கலைக்கழகப் பதவியையும் இழந்தார். அவ்வேளை பிரித்தானியக் கம்யூனிஸ்ற் கட்சியின் மிகப் பெயர்பெற்ற விஞ்ஞானி ஹால்டேன். தாம் அறிந்த உண்மைக்கும் தாம் நேசித்த கட்சிக்குமிடையே அவர் பட்ட தடுமாற்றம் பெருமைக்குரியதன்று. ஈற்றிற் கட்சியை விட்டு நீங்கினார். 1957 இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து, 1964 இற் புவனேசுவரத்தில் மறைந்தார். பொருள்முதல்வாதத்தின் பெயரால் உதைத்துத் தள்ளப்பட்ட விஞ்ஞானமே, உற்பத்தி முறை மனித உடலில் எவ்வாறு பதிகின்றது என்பதற்கு மிகச் சிறந்த சான்றைத் தந்தது என்பதை நாம் மறைக்கலாகாது.

இனக்குறி என்ற கதைக்கு மற்றொரு திசையிலிருந்தும் அடி விழுந்தது. 1952 இல் லேமனும் கற்புஷ்ஷும் நீலகிரிப் பழங்குடிகளின் குருதியிலே அரிவாட்கலத்தைக் கண்டனர். இருளரும் பணியரும் மலேரியாக் காடுகளில் வாழ்ந்தவர். ‘நீக்ரோக்களின் நோய்’ என்ற பெயருக்குள் அவர்களை அடைக்க வழியில்லை. கிறீசிற் சதுப்பாயிருந்த கொப்பாயிஸ் ஏரியை அண்டிய ஊர்களிலும் அது மிகுந்து காணப்பட்டது. மறுபுறம், ஆபிரிக்காவிலேயே தென்கோடி மக்களிடம் அது அரிது. தோலின் நிறத்தை விட்டு நுளம்பின் எல்லையைப் பின்பற்றியே அது செல்கின்றது. எதிருரு ஓரிடத்தில் ஒருமுறை தோன்றியதா, பலவிடங்களிற் பன்முறை தோன்றியதா என்ற விவாதம் வேறு. நெடுங்காலம் பின்னையதே ஏற்கப்பட்டிருந்தது. ஏறத்தாழ 7,300 ஆண்டுகளுக்கு முன் ஒரு தனிக் குழந்தையில் அது தோன்றியதென 2018 இல் வெளியான ஆய்வு ஒன்று வாதிக்கின்றது.

அடிமை வாணிபம் இவ்வரலாற்றில் ஒரு கொடிய பரிசோதனையாய் அமைந்தது. மேற்காபிரிக்கக் கரையிலிருந்து ஒல்லாந்தர் ஏற்றிச்சென்ற மக்களின் வழித்தோன்றல்கள் கியூராசோத் தீவிலும் சூரினாமிலும் வாழ்கின்றனர். கியூராசோ வறண்டது, மலேரியா அற்றது. சூரினாம் மலேரியா நிறைந்த நாடாயிருந்தது. 1959 இல் வெளிவந்த ஆய்வின்படி சூரினாமிற் காவிகள் கணிசமாக மிகுந்தும் கியூராசோவிற் குறைந்தும் இருந்தனர். ஐக்கிய அமெரிக்காவிலும் கறுப்பின மக்களிடையே காவிகள் பதின்மூவரில் ஒருவராகக் குறைந்துள்ளனர். மலேரியா விலகியமை அதற்கு ஒரு காரணம். மற்றதை அடிமைகளின் உடைமையாளர் அறிவர். தோட்ட முதலாளிகள் அடிமைப் பெண்களிடம் பெற்று, தம் பிள்ளைகளென ஏற்காத பிள்ளைகளும் இந்த எண்ணுக்குள் இருக்கின்றனர்.

இத்தனை அறிந்தபின்னும் குறி மனிதரை விட்டு நீங்கவில்லை. 1968 இற் போலிங் எழுதிய கட்டுரையொன்றிலே, அரிவாட்கல எதிருருவைச் சுமக்கும் ஒவ்வோர் இளைஞரின் நெற்றியிலும் ஓர் அடையாளம் பச்சை குத்தப்பட வேண்டும் என்றார். இரு காவிகள் ஒருவரையொருவர் விரும்பாது விலகிக்கொள்வர் என்பது அவர் எண்ணம். அணுகுண்டுச் சோதனைகளை எதிர்த்துச் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்றவர், கடவுச்சீட்டு மறுக்கப்பட்டுத் துன்புற்றவர் எழுதியது இது! ஒரு குடித்தொகையின் மீடிறனை ஒரு தனிமனிதனின் நெற்றியில் எழுத முற்படும் கணத்தில், நல்லெண்ணமுடைய விஞ்ஞானியும் எங்கே போய்ச் சேருகிறார் என்பதைக் காண அச்சமாயிருக்கின்றது. 1970களின் தொடக்கத்திற் சில அமெரிக்க மாநிலங்கள் கறுப்பினக் குழந்தைகளையும் மணமக்களையும் கட்டாயமாகச் சோதித்தன. நோயற்ற காவிகட்கு வேலையுங் காப்புறுதியும் மறுக்கப்பட்டன. விமானப்படைக் கல்லூரி 1981 வரை அவர்களைச் சேர்க்க மறுத்தது. 1971 முதற் கருஞ்சிறுத்தைகள் கட்சியினர் தம் தெருக்களிலே இலவசச் சோதனை நிலையங்களை அமைத்தபோது செய்த சோதனை அதே துளிக் குருதிச் சோதனைதான். சோதிப்பவர் யார், சோதனைத்தாள் யார் கையிற் போய்ச் சேர்கின்றது என்பதே வேறுபாடு.

இந்திய அரசு 2023 யூலையில் அரிவாட்கல நோயை 2047 க்குள் ஒழிக்கும் இயக்கத்தைத் தொடங்கிப் பழங்குடிப் பகுதிகளிற் சோதனை நடத்தி, சோதிக்கப்பட்டோர்க்கு அட்டை வழங்குகின்றது. அவ்வட்டை பெண் கேட்டு வருவோர் கையில் என்னவாகும் என்பதை, சாதகக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு பெண் பார்க்கும் சமுதாயங்கள் எளிதில் ஊகிக்கலாம்.

இலங்கையில் நமக்கு அணித்தானது அரிவாட்கலமன்று. ஹால்டேன் முதலில் எண்ணிய தலசீமியாவே. 1934-35 இல் ஏறத்தாழ 80,000 பேரைக் கொன்ற கொள்ளைநோயை நம் முதியோர் மறந்திலர். அவ்வேளை கேகாலைப் பகுதியிற் பருப்பும் மருந்தும் சுமந்து சென்ற இளைஞர்களிடமிருந்தே இந்நாட்டு இடதுசாரி இயக்கம் மக்களிடம் வேர்விட்டது. 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. மலேரியா போயிற்று, அதனோடு பொருதப் பல்லாயிரம் ஆண்டுகளாகத் திரண்ட எதிருருக்கள் போகவில்லை. நோயாளர் ஒருவரும் பெற்றோராகாத நிலையிலும் ஓர் எதிருருவின் மீடிறன் 2 வீதத்திலிருந்து 1 வீதமாகக் குறைய ஐம்பது தலைமுறை செல்லும். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல். அதுவரை குருநாகல் மருத்துவமனைக்கு வடமேல் மாகாணத்துக் கிராமங்களிலிருந்து தாய்மார் மாதந்தோறும் பிள்ளைகளை இரத்தம் ஏற்றக் கொண்டுவந்துகொண்டிருப்பர்.

பரம்பரையலகையே திருத்தி அரிவாட்கல நோயைக் குணப்படுத்தும் சிகிச்சைக்கு 2023 இன் இறுதியிற் பிரித்தானியாவும் அமெரிக்காவும் அனுமதி வழங்கின. அமெரிக்காவில் அதற்குக் குறிக்கப்பட்ட விலை ஒரு நோயாளிக்கு 22 இலட்சம் டொலர். ஆண்டுதோறும் இந்நோயோடு பிறக்கும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளிற் பெரும்பாலோர் பிறப்பது, காட்டை வெட்டிக் கிழங்கு நட்ட அந்த ஆபிரிக்கக் கிராமங்களிலேயே.